கிறிஸ்டியானியாவை யார் மூடுவது?

கோபன்ஹேகனில் படை விட்டுப்போன முகாம் ஒன்றில் 1971இல் மக்கள் தாங்களாகவே குடியேறி, தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டு வாழும் இடம் கிறிஸ்டியானியா. அதை மூடப்போகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டுக் கேட்டே அந்த நகரத்தில் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, நரைத்தும்விட்டது. 1976ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்குள் அந்த இடம் காலிசெய்யப்பட வேண்டும் என்று டென்மார்க் நாடாளுமன்றம் நாள் குறித்தது. 1978இல், அங்கே இருப்பவர்களை அரசு எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் சட்டமே திருத்தப்பட்டது. 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அரசின் பக்கமே நின்றது. இத்தனைக்குப் பிறகும் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் அங்கே வாழ்கிறார்கள்; மூன்று மஞ்சள் வட்டங்கள் பதித்த சிவப்புக் கொடி பறக்கிறது; வெளியேறும் வாயிலில், இனி நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைகிறீர்கள் என்று எழுதிய பலகையின் கீழ் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம், நீதிமன்றம், காவல்துறை மூன்றும் கையில் இருந்தும் ஒரு பணக்கார அரசால் ஓர் ஆக்கிரமிப்பை அகற்ற முடியவில்லை என்பதை வீரக்கதையாகச் சொல்லிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அருகிலுள்ள அமாகர் தீவில் குடியிருந்து, சைக்கிளில் அந்தப் பகுதியின் ஊடாகவே நகரத்துக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வீரக்கதை போதவில்லை. ஒவ்வொரு மிரட்டலுக்குப் பின்னும் கிறிஸ்டியானியா பிழைத்தது உண்மை. ஒவ்வொரு முறையும் தன்னிடம் இருந்த ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் பிழைத்தது என்பதும் உண்மை. எதைக் கொடுத்தார்கள், எதைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்தால்தான், மூடுவது என்ற பேச்சின் பொருளே விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபன்ஹேகனின் மையத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் வருவது கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன். பதினேழாம் நூற்றாண்டில் நான்காம் கிறிஸ்டியான் மன்னர் ஆழமற்ற கடலைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அது. அவர் தொடங்கிய மண்மதிலையும் அகழியையும் பின்னால் வந்தவர்கள் நீட்டித்தார்கள். இதே மன்னரின் காலத்தில்தான், 1620இல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். நாயக்கரின் பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடி மதிலைப் பார்த்த கண்ணுக்கு இந்த மதில் ஏதோ தூரத்து உறவைப்போலத் தோன்றினால் அதில் வியப்பில்லை. பிற்காலத்தில் இந்த மதிலோரத்தில் பீரங்கிப்படையின் முகாம் அமைந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின், நாஜிகளோடு சேர்ந்து கொடுமை செய்தவர்கள் சிலருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதும் இந்த மதிலின் மேல்தான். அவற்றில் கடைசி 1950இல் நடந்தது.

1971இல் படை முகாமைக் காலிசெய்துகொண்டு போனது. அடுத்து என்ன செய்வது என்று அரசு முடிவெடுக்கவில்லை. அதே நகரத்தில் அப்போது இளைஞர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இடிக்கப்படுவதற்காகக் காத்திருந்த பழைய வீடுகளில் பூட்டை உடைத்துக் குடியேறும் இயக்கம் கோபன்ஹேகனில் ஏற்கெனவே வலுப்பெற்றிருந்தது; கிறிஸ்டியான்ஸ்ஹவ்னிலேயே அப்படி ஒரு குடியிருப்பு 1969இல் காலிசெய்யப்பட்டு இடிக்கப்பட்டிருந்தது. ஆனாலும், முகாம் வேலியின் ஒரு மூலையை அக்கம்பக்கத்தார் முதலில் பிரித்தது புரட்சிக்காக அல்ல, பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பதற்காக. செப்டம்பர் 26ஆம் தேதியைப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். மாற்றுப் பத்திரிகை ஒன்றை நடத்திய யாக்கோப் லுட்விக்சன் என்ற பத்திரிகையாளர், 8ஆம் எண் பேருந்தில் ஏறிப் புலம்பெயருங்கள் என்று அக்டோபரில் எழுதிய அறிவிப்பு நகரம் முழுக்கப் பரவியது. மாணவர்கள், வேலையில்லாதவர்கள், தச்சர்கள், கலைஞர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் எனப் பலவகைப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். நாட்டில் தேர்தல் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன, ஆட்சி மாறிக்கொண்டிருந்தது. யார் உத்தரவிடுவது என்ற கேள்விக்கே விடை இல்லாத வாரங்களில், நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே குடியேறிவிட்டார்கள்.

அரசு அப்போது செய்த காரியத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். 1972இல் நிலத்தின் உரிமையாளரான பாதுகாப்பு அமைச்சகம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கட்டணம் வாங்கிக்கொள்ள அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. 1973இல், இது ஒரு சமூகப் பரிசோதனை, சில காலம் நடக்கட்டும் என்று அரசு ஒப்புக்கொண்டது. நம் ஊரில் புறம்போக்கில் குடிசை போட்டவர் வீட்டுவரி ரசீதையும் மின்கட்டண அட்டையையும் ஏன் நகையைப்போலப் பத்திரப்படுத்துகிறார் என்று அறிந்தவர்களுக்கு, இந்த இரண்டு காகிதங்களின் எடையை விளக்க வேண்டியதில்லை. பட்டா கிடைக்கவில்லை, ஆனால், நீங்கள் இங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும் என்று அரசே எழுதிக்கொடுத்துவிட்டது.

உள்ளே அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாச் சண்டையும் அதைப் பற்றியதுதான். வீடு எவருக்கும் சொந்தமில்லை. அதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. தன் கையால் கட்டிய வீடாக இருந்தாலும், போகும்போது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு தொகையைப் பொதுக் கருவூலத்துக்குக் கட்டுகிறார்கள். குப்பை, கழிவுநீர், பழுதுபார்ப்பு, குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதிலிருந்து நடக்கின்றன. முழு இடமும் பதினான்கு பதினைந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனக்கென்று கூட்டம் நடத்துகிறது. ஒரு வீடு காலியானால், விண்ணப்பித்தவர்களில் யார் வரலாம் என்று அந்தப் பகுதியின் கூட்டம் முடிவுசெய்கிறது. எல்லோரையும் பாதிக்கும் விஷயம் என்றால் பொதுக்கூட்டம். அங்கே வாக்கெடுப்பு இல்லை. அனைவரும் ஒப்பும்வரை பேச வேண்டும். கார் கூடாது, ஆயுதம் கூடாது, வன்முறை கூடாது, கடும் போதைப்பொருள் கூடாது, மோட்டார்சைக்கிள் கும்பல்களின் சின்னம் அணியக் கூடாது, குண்டு துளைக்காத மேலங்கி கூடாது என்ற பொதுச்சட்டங்கள் இப்படிப் பேசிப் பேசியே உருவானவை. பட்டியலின் பிற்பகுதியைப் படிக்கும்போதே, ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கெட்ட நிகழ்ச்சி இருந்திருக்கும் என்று தெரிகிறது.

வாக்கெடுப்பில்லாத கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்படும்போது மனம் கனிகிறது. ஆனால் அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால், இரவு வெகுநேரம்வரை பேசக்கூடிய தெம்பு உள்ளவரின் கருத்தே பல நேரம் பொதுக்கருத்தாகிறது. ஒரே ஒருவர் மறுத்தாலும் காரியம் நிற்கும். சந்தையில் பணம் உள்ளவர் வெல்வதைப்போல இங்கே நேரம் உள்ளவர் வெல்கிறார். ஆனாலும் அந்த மெத்தனமே பலமுறை அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதையும் பின்னால் பார்ப்போம்.

முதல் பெரிய மிரட்டல் 1975இல் வந்தது. பரிசோதனை முடிந்தது, 1976 ஏப்ரல் 1க்குள் காலிசெய்ய வேண்டும் என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது. கிறிஸ்டியானியா இரண்டு வழிகளில் பதில் சொன்னது. ஒன்று நீதிமன்றம்: கார்ல் மேட்சன் என்ற புகழ்பெற்ற இடதுசாரி வழக்கறிஞர் அவர்களுக்காக அரசின் மீது வழக்குத் தொடுத்தார். மற்றொன்று தெரு. கிறிஸ்டியானியாவில் உருவான சோல்வொக்னன் என்ற நாடகக்குழு 1974 டிசம்பரிலேயே ஒரு காரியம் செய்திருந்தது. ஏராளமானோர் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டு நகரத்தில் ஊர்வலம் போய், பெரிய அங்காடி ஒன்றில் நுழைந்து, அலமாரியில் இருந்த பொருள்களை எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக இருந்தவர்களைக் காவலர்கள் குழந்தைகளின் கண்முன்னே இழுத்துச்செல்ல நேர்ந்தது. இப்படிப்பட்ட எதிராளியோடு மோதினால் அரசின் முகத்தில்தான் கரி பூசப்படும் என்பதை ஆட்சியாளர்கள் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி வந்தபோது பெருந்திரளான மக்கள் கிறிஸ்டியானியாவுக்கு ஆதரவாகக் கூடினார்கள். காலிசெய்யும் நடவடிக்கை தள்ளிவைக்கப்பட்டது. வழக்கில் 1977இல் கீழ்நிலையிலும் 1978இல் உச்ச நீதிமன்றத்திலும் கிறிஸ்டியானியா தோற்றது. ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றம் மறுபடியும் பேச உட்கார்ந்து, அந்தப் பகுதிக்கு ஒரு திட்டம் வகுக்கும்வரை பொறுப்போம் என்று முடிவெடுத்தது. வென்றவர் பயன்படுத்தத் தயங்கிய தீர்ப்பு அது.

அந்த வெற்றியின் மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஹெராயின் உள்ளே வந்திருந்தது. 1978–79இல் மட்டும் பத்துப் பேர் அளவுமீறிய போதையால் இறந்தார்கள் என்று கிறிஸ்டியானியாவின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஹெராயின் விற்பவர்களைப் பிடிக்கக் காவல்துறைக்குத் தகவல் கொடுத்துப் பார்த்தார்கள்; காவல்துறையோ கஞ்சாப் பிசினான ஹஷீஷ் விற்பவர்களைப் பிடிப்பதில் முனைந்தது. அதன் பிறகு 1979இல் அவர்களே இறங்கினார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக நாற்பது நாள்கள் இரவுபகலாகக் காவல் இருந்து, விற்பவர்களை வெளியேற்றி, அடிமைப்பட்டவர்களிடம் சிகிச்சைக்குப் போ, இல்லையென்றால் இங்கிருந்து போ என்றார்கள். சாத்வீகத்தைப் பேசிய ஒரு சமூகம் தன் அண்டைவீட்டாரையே வெளியேற்றத் துணிந்த நாள்கள் அவை. கிறிஸ்டியானியா அழியாமல் இருந்ததற்கு 1976ஐவிட இந்த 1979தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. ஆனால் ஹஷீஷை அவர்கள் விட்டுவைத்தார்கள். மென்மையான போதை, கடுமையான போதை என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கோட்டுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அன்று எவருக்கும் தெரிந்திருக்க முடியாது. 1980களில் ஒரு மோட்டார்சைக்கிள் கும்பல் அந்த வியாபாரத்தைக் கைப்பற்ற முயன்றதும், அவர்கள் புழங்கிய கட்டடத்தின் தரைக்கடியில் பிணம் கண்டெடுக்கப்பட்டதும் முதல் தவணை.

1989இல் கிறிஸ்டியானியாவுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. தனிமனிதர்களோடு அல்ல, கிறிஸ்டியானியா என்ற கூட்டமைப்போடு பேசுவது என்பதை அரசு ஏற்றது. 1991இல் அதற்கான உடன்படிக்கையும் ஏற்பட்டது. பதிலுக்கு மதுக்கடைகள் உரிமம் எடுத்தன, கடைகள் வரி கட்டத் தொடங்கின, பாதுகாக்கப்பட்ட மண்மதிலின்மேல் இஷ்டம்போல வீடு கட்டுவது நிறுத்தப்பட்டது. சுதந்திரம் என்ற பெயரில் வரிகட்டாமல் இருந்ததை இழப்பாகக் கருதுபவர்களோடு எனக்கு அனுதாபம் கிடையாது. அந்தப் பத்தாண்டுகளில் இந்த இடம் சாதித்தது மெச்சத்தக்கது: முன்புறம் பெட்டி வைத்த மூன்று சக்கரச் சைக்கிள் இங்கிருந்த கொல்லுப்பட்டறையில் பிறந்து, கோபன்ஹேகன் பெற்றோரின் வாகனமாகவே ஆகிவிட்டது, படையின் குதிரையேற்றப் பயிற்சிக்கூடமாக இருந்த சாம்பல்மண்டபத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் இரவில் வீடற்றவர்களுக்கும் தனித்திருப்பவர்களுக்கும் விருந்து நடந்துவருகிறது.

2001இல் ஆட்சி மாறியபோது கதை திசைமாறியது. அனஸ் ஃபோ ராஸ்முசன் தலைமையிலான வலதுசாரி அரசு, இனி எந்தத் தனிச்சலுகையும் கிடையாது, கிறிஸ்டியானியாவும் நாட்டின் மற்ற பகுதிகளைப்போல இயல்பாக வேண்டும் என்றது. 2004ஆம் ஆண்டுத் திருத்தத்தின் உயிர்நாடி இதுதான்: கூட்டமைப்பு என்ற ஒன்றே கிடையாது, வீடுகளில் இருப்பவர்களைத் தனித்தனியாகத்தான் அரசு அறியும். புல்டோசர்களைவிட இது ஆபத்தானது என்பதைக் குடியிருப்போர் உடனே புரிந்துகொண்டார்கள். தனித்தனி வாடகைதாரர் அல்லது தனித்தனி உரிமையாளர் ஆன பின் பகுதிக் கூட்டத்துக்கு என்ன வேலை? யார் குடிவரலாம் என்று அது எப்படித் தீர்மானிக்கும்? வீடு இடிபடாமலே கிறிஸ்டியானியாவைக் காணாமல் செய்துவிடக்கூடிய வழி அது.

அரசின் நோக்கம் சட்ட ஒழுங்கு மட்டும்தான் என்று நம்புவதற்கு நிலவரைபடம் இடம்கொடுக்கவில்லை. 2002இல் கிறிஸ்டியான்ஸ்ஹவ்னுக்கு மெட்ரோ வந்தது. 2005இல் பக்கத்திலேயே துறைமுகத்தைப் பார்த்தபடி ஓபரா மாளிகை திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் தொழிலாளரும் மாலுமிகளும் வாழ்ந்த கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன், நகரின் விலையுயர்ந்த பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. அதன் நடுவே, முப்பது ஹெக்டேருக்கு மேல், ஏரியைப்போல விரிந்த அகழியும் மரங்களும் கொண்ட நிலம் எவருக்கும் விற்கப்படாமல் கிடந்தது. அதே ஆண்டுகளில் நகரத்தில் வேறொன்றும் நடந்தது. கோபன்ஹேகனில் பல ஆயிரம் குடும்பங்கள் கூட்டுறவு வீடுகளில் வாழ்கின்றன. பங்கு வாங்கிக் குடியேறலாம், போகும்போது வரையறுத்த விலைக்கே விற்க வேண்டும் என்பது அவற்றின் பழைய நடைமுறை. 2005 முதல் அந்தப் பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று சட்டம் தளர்த்தப்பட்டதும், பல கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தாங்களே கையுயர்த்திப் பங்குவிலையை ஏற்றிக்கொண்டார்கள். வருமானம் குறைந்த இளம் குடும்பத்துக்கு அந்தக் கதவு மெல்ல அடைபட்டது. வாக்கெடுப்பில் ஒரே இரவில் நடக்கக்கூடிய இந்த மாற்றம், அனைவரும் ஒப்பும்வரை பேச வேண்டிய கிறிஸ்டியானியாவில் நடந்திருக்க முடியாது. மேலே நான் குறைசொன்ன மெத்தனம் இங்கே கைகொடுத்தது.

2007 நகரத்துக்கே பொல்லாத ஆண்டு. மார்ச் மாதத்தில் நோர்ரப்ரோ பகுதியில் இளைஞர்கள் நடத்திவந்த ‘உங்டொம்ஸ்ஹூஸட்’ என்ற இளைஞர் இல்லத்தைக் காவல்துறை காலிசெய்ய, அது சில நாள்களில் இடிக்கப்பட, தெருக்கள் பற்றியெரிந்தன. மே மாதத்தில் கிறிஸ்டியானியாவுக்குள் பாழடைந்து கிடந்த ஒரு சிறு வீட்டை இடிக்க அரசின் ஆள்கள் வந்தபோது அங்கும் மோதல் வெடித்தது. இடிக்கப்பட்டது ஒரு குடிசை. ஆனால் மீதியை இடிக்க எவ்வளவு செலவாகும் என்பதை அன்று இரு தரப்பும் கணக்குப்போட்டிருக்கும். மறுபடியும் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போனது. 2011 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் அரசுக்குச் சொந்தம், கிறிஸ்டியானியாவுக்கு அங்கே நிலையான பயன்பாட்டு உரிமை எதுவும் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டது.

இதற்கு மேல் பேச்சுவார்த்தை ஒன்றுதான். வாங்கிக்கொள்ளுங்கள் என்றது அரசு. நிலத்தை எவரும் சொந்தங்கொள்ளக் கூடாது என்று நாற்பது ஆண்டுகள் சொல்லிவந்தவர்களிடம் வைக்கப்பட்ட கோரிக்கை இது. 2011 ஏப்ரலில் அவர்கள் வாயில்களை வெளியாருக்கு அடைத்துவிட்டு, கடைகளையும் மூடிவிட்டு, சில நாள்கள் உள்ளே கூடிப் பேசினார்கள். அரசால் மூட முடியாத வாயிலை அவர்களே மூடிக்கொண்டார்கள். ஜூன் மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ‘கிறிஸ்டியானியா சுதந்திர நகர அறக்கட்டளை’ என்ற அமைப்பு 7 கோடியே 62 லட்சம் குரோனருக்குக் கட்டடங்களையும் நிலத்தில் பெரும்பகுதியையும் வாங்கும். மதில் சார்ந்த பகுதிக்கு வாடகை கட்டும். 2012 ஜூலை 1 அன்று அறக்கட்டளை பொறுப்பேற்றது. பணத்துக்கு அரசின் உத்தரவாதத்தோடு கடனும், ‘மக்கள் பங்கு’ என்ற பத்திரங்களும் கைகொடுத்தன. அந்தப் பங்கை வாங்கினால் லாபத்தில் பங்கில்லை, வாக்குரிமை இல்லை, விற்றுக் காசாக்கவும் முடியாது, சுவரில் மாட்டிக்கொள்ளலாம். வாங்கினவர்கள் இருக்கிறார்கள் என்பதே அந்த நகரத்தைப் பற்றி எனக்கு ஏதோ சொல்கிறது.

இந்த விலைக்கு இன்று கிறிஸ்டியான்ஸ்ஹவ்னில் நல்ல அடுக்குமாடி வீடுகள் இருபதுகூட வாங்க முடியாது. எனவே கிறிஸ்டியானியாவுக்கு நிலத்தைத் தானம் கொடுத்துவிட்டார்கள் என்று வலதுசாரிகள் பொருமினார்கள். கடன்காரர்கள் ஆகிவிட்டோம், வங்கிக்கு வட்டி கட்டுவதற்காக வாழப்போகிறோம், இது மெதுவாக நடக்கும் மூடுவிழா என்று உள்ளே ஒரு சாரார் வருந்தினார்கள். மாதாந்திரத் தொகை ஏறியது. குறைந்த வருமானத்தில் காலந்தள்ளிய மூத்தவர்களுக்கு அது பாரம்தான். இருந்தாலும் வாங்கியதே சரி என்பேன். வாங்கியவர் தனிமனிதர் அல்லர், அறக்கட்டளை; அதன் நிலத்தை எந்தக் குடியிருப்பாளரும் கூறுபோட்டு விற்க முடியாது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் கலைக்க நினைத்த கூட்டு, 2012இல் சொத்துப் பத்திரத்தில் வாங்கியவர் பெயராகப் பதிவானது. யார் குடிவருவது என்ற முடிவும் பெரும்பாலும் பகுதிக் கூட்டங்களிடமே தங்கியது. கொள்கையைக் கொடுத்து முறையை வாங்கிக்கொண்டார்கள். வழக்கில் தோற்றவர்கள்தான் பேரத்தில் கெட்டிக்காரர்கள்.

ஆனால் 1979இல் போட்ட கோடு இருக்கிறதே, அது அறக்கட்டளையைவிடப் பழையது. புஷர் தெரு என்ற அந்தக் குறுகிய கடைவீதியில் வெட்டவெளியில் பலகைமேல் ஹஷீஷை அடுக்கி விற்றார்கள். ஓடாதே, படம் எடுக்காதே என்று எச்சரிக்கும் பலகைகள் தொங்கின. டென்மார்க் சட்டப்படி அது எப்போதுமே குற்றம். 2004 தொடக்கத்தில் காவல்துறை வரப்போகிறது என்று தெரிந்ததும் கடைகளை அவர்களே பிரித்துப்போட்டார்கள்; அவற்றில் ஒன்று தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வியாபாரம் போகவில்லை. பழைய விற்பனையாளர்கள் சிறைக்குப் போக, வெளியிலிருந்து வந்த கும்பல்கள் இடத்தைப் பிடித்தன. 2005இல் துப்பாக்கிச்சூட்டில் ஓர் இளைஞர் இறந்தார். 2016 ஆகஸ்ட் இறுதியில் இரண்டு காவலர்களும் அங்கிருந்த ஒருவரும் சுடப்பட்டபோது, குடியிருப்போர் இரண்டே நாளில் கடைகளை இடித்தார்கள்; சிறிது காலத்தில் அவை முளைத்தன. 2023 ஆகஸ்ட் 26 அன்று முகமூடி அணிந்தவர்கள் சுட்டதில் முப்பது வயது மனிதர் ஒருவர் கொல்லப்பட்டு, நால்வர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகுதான், தெருவையே மூடித் தாருங்கள் என்று கிறிஸ்டியானியா அரசிடம் உதவி கேட்டது.

அரை நூற்றாண்டு அரசை வெளியே நிறுத்தப் பாடுபட்டவர்கள், காவல்துறையை உள்ளே அழைத்த தருணம் இது. 2024 ஏப்ரல் 6 அன்று, நீதித்துறை அமைச்சரும் நகரத் தலைவரும் குடியிருப்போரும் குழந்தைகளும் சேர்ந்து கடப்பாரை பிடித்துப் புஷர் தெருவின் கற்களைப் பெயர்த்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று அறிவித்திருந்தார்கள். தெருவைச் சீரமைக்க அரசு ஒரு கோடியே 43 லட்சம் குரோனர் ஒதுக்கியது. ஹஷீஷ் இல்லாவிட்டால் கிறிஸ்டியானியாவே இல்லை என்று சொன்ன ஒரு நண்பரோடு நான் நெடுநேரம் வாதிட்டிருக்கிறேன். இரைச்சலான அந்தச் சிறு துண்டைச் சுற்றுலாப் பயணிகள் ஊர் என்று நினைத்தார்கள். அகழிக்கு அக்கரையில் தன் கையால் வீடு கட்டிப் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது வீட்டுவாசலில் நடந்த சந்தை, அவ்வளவுதான். தெருவை மூடியதால் அந்த ஊர் ஒன்றையும் இழக்கவில்லை. ஹஷீஷுக்குச் சட்ட அனுமதி கிடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு; நாற்பது ஆண்டுகள் அந்த அனுமதி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தானே எடைபோட வேண்டும்?

இனி மிஞ்சியிருப்பது, நான் தொடக்கத்திலிருந்து சுற்றிவரும் கேள்வி. என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வாடகை வீட்டுக்கான வரிசையில் பல ஆண்டுகள் காத்திருந்து இந்தக் குடியிருப்புக்கு வந்தவர். கிறிஸ்டியானியா என்றாலே அவருக்குக் கசப்பு. எல்லோருக்கும் பொதுவான நிலம் என்கிறார்கள், எனக்கு அங்கே வீடு கேட்க எந்த வரிசையில் நிற்பது என்பார். அந்தக் கேள்விக்குக் கிறிஸ்டியானியாவிடம் நல்ல பதில் கிடையாது. பகுதிக் கூட்டம் தேர்ந்தெடுக்கிறது என்றால், கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவர், அவர்களோடு வேலைசெய்தவர், அங்கேயே வளர்ந்தவர் தேர்ந்தெடுக்கப்படுவதுதான் இயல்பு. பணம் இல்லாதவர் நுழையலாம், அறிமுகம் இல்லாதவர் நுழைவது கடினம். கோபன்ஹேகனின் புறநகர்களில் வாழும் துருக்கியரையும் சோமாலியரையும் நம் ஈழத்தவரையும் அங்கே குடியிருப்பாளராகப் பார்ப்பது அரிது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய ஓர் இடம், தெரிந்தவர்களின் இடமாகச் சுருங்கிப்போவதும் ஒரு வகையில் மூடுவதுதான். இதற்கு அரசைக் குறைசொல்ல முடியாது.

2022இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாடு இந்த இடத்தைத்தான் தொட்டது. கிறிஸ்டியானியாவுக்குள் ஏறக்குறைய 15,000 சதுர மீட்டர் அளவுக்குப் புதிய பொதுநல வாடகை வீடுகள் கட்ட இடம் கொடுக்க அவர்கள் இணங்கினார்கள். சில நூறு பேர் புதிதாக வருவார்கள். டென்மார்க்கில் பொதுநல வீடு என்றால் பொது விதிகள் உண்டு: காத்திருப்புப் பட்டியல் உண்டு, காலியாகும் வீடுகளில் நான்கில் ஒன்றை அவசரத் தேவை உள்ளவர்களுக்காக நகராட்சி கேட்டுப் பெறவும் வழி உண்டு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் சில நூறு புதியவர்கள் என்றால், ஒப்பும்வரை பேசும் கூட்டத்தில் மூன்றில் ஒருவருக்கோ நான்கில் ஒருவருக்கோ அந்த வழக்கமே தெரிந்திருக்காது. பழையவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டியலில் முதலாவதாக நிற்பவருக்குக் கூட்டத்தில் உட்காரவும் கழிவுநீர்க் குழாய் தோண்டும் பொதுவேலைக்கு வரவும் விருப்பம் இருக்குமா என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், பழைய வீடுகளைப் பகுதிக் கூட்டங்களிடமே விட்டுவிட்டு, புதிய வீடுகளை முழுக்கப் பட்டியலுக்குத் திறந்துவிட வேண்டும். குடிவருகிறவர் முதல் ஆண்டில் கூட்டங்களுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். இரண்டு வகை வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சண்டை வரும் என்பார்கள். ஐம்பது ஆண்டுகளாக அங்கே நடப்பது சண்டைதானே, அதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. இதைக் கீழ்த்தளத்துக்காரரிடம் சொன்னபோது, கூட்டம் இரவு எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரித்தார். பிறகு, தனக்கு எழுபது கடந்துவிட்டது, மூட்டுவலி வேறு, படியேறத் தேவையில்லாத வீடாக இருந்தால் பெயர் பதிவுசெய்து பார்க்கலாம் என்றார்.